ஏரிக்கரையில் ஓர் எண்ணிக்கைப் பாடம்



பாபநாசம் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் அருவியையும் புலியையும்தான் நினைக்கிறார்கள். அது திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம். 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு - முண்டந்துறை அந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. 2015-ல் சினிமா வேறு வந்ததும் குழப்பம் இன்னும் கூடிப்போச்சு. நம்ம பாபநாசத்தில் குடமுருட்டி ஓடுகிறது, திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிறது, மீதியெல்லாம் வயல். காடும் இல்லை, மலையும் இல்லை. அதனால் நாட்டு நலப்பணித் திட்ட அறிவிப்புப் பலகையில் "நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு - தன்னார்வலர்கள் தேவை" என்ற தாளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொக்கைப் போய் யாராவது எண்ணுவாங்களா? ஆனாலும் பெயர் கொடுத்தேன். உண்மைக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வாரம் சனி, ஞாயிறு வீட்டில் இருந்தால் வைக்கோல் போர் போட வேண்டியிருக்கும்.

எங்களுக்குக் கொடுத்த இடம் வடுவூர் ஏரி. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், கோதண்டராமர் கோயிலுக்குப் பேர்போன ஊர். கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஏரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நூற்றுச் சொச்சம் ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி அது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, பிறகு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் நிரம்பும். கோடையில் வற்றிப்போகும். 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஓர் ஊர். 1971-ல் அங்கே கையெழுத்தான ஒப்பந்தப்படி உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைப் பட்டியலிடுகிறார்கள். 2022-க்கு முன் தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது கோடியக்கரை ஒன்றுதான். அதுவும் நம்ம டெல்டாதான்! அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024-ல் சேர்ந்தது. ஆக, காடில்லாத ஊர்க்காரன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. நம்மைச் சுற்றி இருப்பவை தண்ணீர்ச் சரணாலயங்கள்.

அதிகாலை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போய், பஸ் மாறி, வடுவூரில் இறங்கும்போது பொழுது லேசாக விடிந்திருந்தது. எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். பல வருஷமாகச் சொந்தச் செலவில் வந்து எண்ணுகிறவர். வந்தவுடன் முதல் வேலையாக எங்களில் வெள்ளைச் சட்டை போட்டிருந்த இரண்டு பேருக்குத் தன் பையிலிருந்து பழுப்புத் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டார். போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னார். "கூட்டுக்குப் பக்கத்துல போட்டோ எடுக்கப் போனீங்கன்னா தாய் எழுந்து பறந்திரும். அந்த அஞ்சு நிமிஷம் காக்காய்க்குப் போதும், முட்டை போச்சு" என்றார். அவ்வளவுதான் அவருடைய ஒழுங்குமுறைகள்.

கரைமேல் ஏறி நின்றோம். ஏரிக்குள்ளே நிற்கும் கருவேல மரங்களில் நீர்க்காகமும் வக்காவும். திறந்த தண்ணீரில் கறுப்பாக ஒரு பெரிய கூட்டம்.

"எத்தனை இருக்கும் தம்பி?"

"ஒரு ஆயிரம் இருக்கும் சார்."

"எண்ணினியா, குத்துமதிப்பா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சர்வே பிராக்டிகலில் சங்கிலியைப் பிடிக்காமல் "சுமார் 30 மீட்டர்" என்று எழுதினால் நம்ம சார் சும்மா விடுவாரா? அங்கே பிடித்த கவனம் இங்கே எனக்கு வரவில்லை.

முறை இதுதான். சிவில் மாணவர்களுக்குச் சுலபமாகப் புரியும். கூட்டத்தின் ஒரு மூலையில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வைக்க வேண்டும். அதே அளவு இடத்தைப் பத்து முறை நகர்த்தினால் நூறு. பிறகு நூறு நூறாகக் கூட்டத்தின் மறுகோடி வரை போக வேண்டும். நெருக்கமாக இருக்கும் இடத்தில் கட்டத்தைச் சின்னதாக்கணும், கலைந்திருக்கும் இடத்தில் பெரிசாக்கணும். இதை மறந்தால் கணக்கு இரண்டு மடங்கு தப்பும். பல இனங்கள் கலந்த கூட்டமென்றால் முதலில் மொத்தத்தை எண்ணி, பிறகு இரண்டு மூன்று இடங்களில் மாதிரிக்குப் பார்த்து, எந்த இனம் எத்தனை பங்கு என்று பிரிக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. முதல் முறை எனக்கு 340 வந்தது, பக்கத்தில் நின்ற மெக்கானிக்கல் நண்பனுக்கு 520. சார் சிரிக்கவில்லை. "மறுபடி எண்ணுங்க" என்றார், அவ்வளவுதான். மூன்றாவது தடவை இருவரும் ஓரளவு நெருங்கி வந்தோம்.

இனம் கண்டுபிடிப்பது அதைவிடச் சிரமம். வாத்து என்று நான் ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தது புள்ளிமூக்கு வாத்து, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி என்று மூன்றாகப் பிரிந்தது. முதலாவது நம்ம ஊர்க்காரர். மற்ற இரண்டும் குளிருக்குப் பயந்து இமயமலைக்கு அப்பாலிருந்து வந்தவை. நத்தைகுத்தி நாரையை மட்டும் யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்தேன். வாயை மூடினாலும் அலகின் நடுவில் சந்து தெரியும். அந்த அலகால்தான் நம்ம வயல் நத்தையை ஓட்டுக்குள்ளிருந்து எடுத்துத் தின்கிறது.

பத்து மணிக்கு மேல் ஒரு சிக்கல் வந்தது. போன வருஷத் தாளில் பட்டைத்தலை வாத்து இருந்ததாம். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வரும் பறவை. எங்களுக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. "நாலு போட்ருவோம் சார், எங்கயாவது மறைவுல இருக்கும்" என்றான் ஒரு நண்பன். சாருக்கு முகம் மாறிவிட்டது. நிறையப் பேசாதவர் அப்போது மட்டும் பேசினார். ஓர் ஈரநிலத்தில் தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைகள் இருந்தாலோ, ஓர் இனத்தின் மொத்தத்தில் 1 சதவீதம் இருந்தாலோ ராம்சார் தகுதி கிடைக்கும். அந்தக் கணக்கெல்லாம் இப்படிக் கரையில் நிற்கிற ஆட்கள் எழுதிய தாள்களிலிருந்துதான் வருகிறது. சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967-ல் தொடங்கியது, ஆசியாவில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. "வராத பறவையை வந்ததுன்னு எழுதினா, அது வராமப்போன சேதி யாருக்குமே தெரியாமப் போயிடும்" என்றார். அந்த இடத்தில் பூஜ்யம் எழுதினோம்.

இந்த வேலையை மாணவர்களால் செய்ய முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். சென்னையில் 1988-ல் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஜனவரியிலிருந்து ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பொதுமக்களையும் கூட அழைத்துப் போகிறார்கள். இன்றுவரை நடக்கிறது.

இப்போது, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விஷயத்துக்கு வருகிறேன். அன்று மாலை வீடு திரும்பியபோது வாசலில் சாக்குப் பையோடு சித்தப்பா நின்றிருந்தார். உள்ளே மடையான், ஏழு. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. வயலில் கண்ணி வைத்துப் பிடிப்பதும், மடையான் குழம்பும் பல வீடுகளில் உண்டு. நானும் சின்ன வயசிலிருந்து ருசித்துச் சாப்பிட்டவன்தான், மறைக்கவில்லை. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று அன்று காலைதான் எனக்குத் தெரியும். காலையில் வடுவூர்க் கரையில் மடையானுக்கு நேரே 43 என்று எழுதிய கை இது.

"சித்தப்பா, இதைப் பிடிக்கக் கூடாது" என்றேன். எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது.

"எண்ணிட்டு வந்தியாமே, அதுல ஏழு குறைச்சுக்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி நான் மோர்ச்சாதம் சாப்பிட்டேன். சித்தப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சட்டத்தைச் சொன்னால் ஆகாது என்று சாரிடம் கேட்டபோதுதான் வேடந்தாங்கல் கதையைச் சொன்னார். அங்கே 1796-லேயே கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊராருக்கு உத்தரவு எழுதிக் கொடுத்திருக்கிறார். கேட்டு வாங்கியது ஊரார்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "உங்க சித்தப்பாவுக்குப் பறவையைத் தெரியும் தம்பி, நம்மைவிட நல்லாவே தெரியும். அங்கேருந்து ஆரம்பி" என்றார்.

பொங்கல் சமயத்தில் நான்கு நாள், தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. ஏரிக்குப் போக வேண்டியதில்லை. அவரவர் தெருவில், வயலில், குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று எண்ணி 'ஈபேர்ட்' தளத்தில் பதியலாம். இந்த வருஷம் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "வேற வேலை இல்லையா" என்றவர், பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் பைனாகுலரைத் தூக்குவதற்குள் சத்தத்தை வைத்தே ஆட்காட்டி, கௌதாரி, செண்பகம் என்று சொல்லிக்கொண்டே போனார். வரப்பு முடியும்போது என் தாளில் 31 இனம். அதில் பாதிக்கு மேல் அவர் சொன்னது. மடையான் எழுந்து பறந்தபோது மட்டும் இருவரும் ஒன்றும் பேசவில்லை. நான் எண்ணி எழுதிக்கொண்டேன்.

வரும் ஜனவரிக்குச் சேர விரும்புகிறவர்கள் டிசம்பருக்குள் நமது நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் பெயர் கொடுங்கள். அவர் மூலம் வனச்சரக அலுவலகத்துக்குப் பட்டியல் போகும். பைனாகுலர் இல்லையென்றால் பரவாயில்லை, ஒரு குழுவுக்கு ஒன்று போதும். தொப்பி, தண்ணீர், மங்கலான நிறத்தில் சட்டை, பென்சில் கொண்டு வாருங்கள். பனியில் பேனா மை தாளில் ஊறிவிடுகிறது, நான் பட்ட அனுபவம்.

சித்தப்பாவின் கண்ணி இன்னமும் மாட்டுக்கொட்டகை இறவாணத்தில்தான் செருகியிருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு அதை எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. "அடுத்த தடவை வடுவூருக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்று மட்டும் போன வாரம் அவர் கேட்டார்.

- மூன்றாம் ஆண்டு, கட்டடப் பொறியியல் துறை