தலைவலியும் தலைபோகிற பயமும்

மூளை சம்பந்தமான நோய்களைப் பற்றி நம் ஜனங்களிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு மனோபாவங்கள் குடிகொண்டிருக்கின்றன. பழகிப்போன தொல்லை எவ்வளவு கடுமையானதாயினும் அதை அலட்சியம் செய்வது ஒன்று. பழகாத பெயர் ஒன்று காதில் விழுந்துவிட்டால், அது எவ்வளவு சாமானியமான விஷயத்தைக் குறிப்பதாயினும், வீடே கலங்கும்படி அஞ்சுவது மற்றொன்று. மாதந்தோறும் மூன்று நான்கு நாள் ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டறையில் சுருண்டு கிடக்கும் ஒரு ஸ்திரீயைப் பற்றி, “அவளுக்கு அடிக்கடி தலைவலி வரும்” என்று ஒரே வாக்கியத்தில் பேசி முடித்துவிடுகிற குடும்பத்தார், அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் புரியாத சொற்றொடர் ஒன்றைக் கண்ட மாத்திரத்தில், குலதெய்வத்தை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள். அலட்சியமும் அச்சமும் இப்படி இடம் மாறிக் கிடப்பதற்கு, இவ்விஷயத்தில் நம்மிடையே செலாவணியாகிவரும் சில நம்பிக்கைகளே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

“தலைவலிதானே, ஒரு காப்பியைக் குடித்துவிட்டு எழுந்திரு”

இவ்வாறு சொல்லும் மாமியார் கொடுமைக்காரர் அல்லர். தம்முடைய தலைவலி காப்பியில் தீர்ந்துபோன அனுபவத்தைக் கொண்டு மருமகளின் தலைவலியையும் அவர் அளக்கிறார், அவ்வளவுதான். ஆனால் இரண்டும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. மைக்ரேன் என்று டாக்டர்களும், ஒற்றைத் தலைவலி என்று நாமும் சொல்லுகிற வியாதி, பெரும்பாலும் பரம்பரையாக வருகிற மூளையின் சுபாவம் ஒன்றின் விளைவு. தலைவலி அதன் ஓர் அங்கமே தவிர முழு ரூபமன்று. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்னரே, சில சமயம் முதல் நாளே, காரணமில்லாமல் கொட்டாவி வரும், பிடரி இறுகும், இனிப்பின்மீது ஆசை எழும். அந்த ஆசையில் சாக்லேட்டைத் தின்றவர்கள் பிறகு சாக்லேட்டின்மீதே பழியைப் போடுகிறார்கள். பல சந்தர்ப்பங்களில் வியாதி அதற்கு முன்பே உள்ளே புறப்பட்டாகிவிட்டது. பின்னர் வருகிற வலி, மருந்தில்லாவிடில் நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நிற்கும். மாடிப்படி ஏறினால் அதிகரிக்கும். வெளிச்சமும் ஓசையும் சகிக்கமுடியாமற் போகும். வாசலில் கட்டிய மல்லிகைச் சரத்தின் வாசனைகூடக் குமட்டலை உண்டாக்கும். ஒற்றைத் தலைவலி என்ற பெயரை நம்பி, இரண்டு பக்கமும் வலிக்கிறதே, ஆகையால் இது அதுவன்று என்று முடிவு செய்வதும் பிசகு. இரு பக்கமும் வலிப்பவர்கள் அநேகர்.

சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் ஒரு காட்சி தோன்றும். பார்வையின் நடுவில் சிறு புள்ளியாக ஆரம்பித்து, கோணல்மாணலான ஒளிக்கோடுகளாகி, பழைய கோட்டைகளின் கொத்தளச் சுவரைப் போல வளைந்து, இருபது முப்பது நிமிஷத்தில் ஓரத்துக்கு நகர்ந்து மறையும். இங்கிலாந்தில் ஹ்யூபர்ட் ஏரி என்ற வைத்தியர் தமக்கு வந்த இந்தக் காட்சியை வர்ணச் சித்திரங்களாகவே தீட்டி 1870இல் வெளியிட்டார். ராஜாங்க வானசாஸ்திரியாக இருந்த அவருடைய தகப்பனாருக்கும் இதே உபாதை இருந்தது. 1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர், தம் கண்ணில் தோன்றிய கோடு நகரும் வேகத்தை அளந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வீதம் ஊர்ந்து செல்லவேண்டும் என்று கணித்தார். மூன்று வருஷத்தில், அவருடைய கணக்கை அறியாமலே, லியாவோ என்கிற பிரேசில் நாட்டு இளைஞர் ஹார்வர்டில் முயல்களின் மூளையை ஆராய்ந்தபோது அதே மந்த கதியில் பரவும் ஓர் அலையைக் கண்டார். அறுவடையான வயலில் தாளுக்கு வைத்த தீ ஓரத்தில் மட்டும் சிவந்து ஊர்ந்து செல்ல, பின்னால் கருகிய நிலம் கிடப்பதைப் போன்றது அது; நரம்பணுக்கள் ஒரு கணம் கிளர்ந்தெழுந்து, பிறகு சிறிது நேரம் ஓய்ந்துபோகின்றன. கண்ணில் தெரியும் ஒளிக்கோடு அந்தக் கிளர்ச்சி, அதற்குப் பின்னால் எழுத்து மறைந்துபோகும் இருள் அந்த ஓய்வு. இதைக் கண்டவர்களுக்குப் புதுக் கண்ணாடி எழுதிக்கொடுப்பதனால் கண்ணாடிக் கடைக்கு நன்மை உண்டாகலாம்.

மைக்ரேன் அபூர்வமான வியாதியுமன்று. பெங்களூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று எடுத்து, 2015இல் வெளியான கணக்கொன்று, வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒரு வருஷ காலத்துக்குள் மைக்ரேன் வந்திருப்பதாகக் கூறுகிறது.

“பித்தம் தலைக்கேறிவிட்டது”, “தலையில் நீர் கோத்துக்கொண்டது”

வாந்தி எடுத்தபின் பலருக்கு வலி தணிவது பிரத்தியட்ச அனுபவம். அதிலிருந்து, வயிற்றுப் பித்தமே தலைக்கேறியது என்று அனுமானித்தது இயல்பானதே. ஆனால் காரண காரியங்கள் தலைகீழாக உள்ளன: மூளைத் தண்டில் எழும் கோளாறினால்தான் இரைப்பையின் ஓட்டம் ஸ்தம்பித்துக் குமட்டுகிறது. விழுங்கிய மாத்திரை வயிற்றிலேயே தங்கிப் பயனற்றுப் போவதும் இதனால்தான். வலியின் ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிடுங்கள் என்று டாக்டர் வற்புறுத்துவதன் ரகசியமும் இதுவே.

நீர் கோத்தல் என்பதற்கு இந்தக் காலத்தில் சைனஸ் என்று பெயர். வலியின்போது மூக்கு ஒழுகுவதும் கண்ணில் நீர் வருவதும் மைக்ரேனிலும் உண்டு என்பதை அறியாமல், வருஷக்கணக்கில் ஆவி பிடித்து, நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அமெரிக்காவில், சைனஸ் தலைவலி என்று தாமோ டாக்டரோ நிச்சயித்திருந்த ஏறக்குறைய 3,000 பேரைப் பரிசோதித்து 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்தில் ஒன்பது பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலியே.

ஆயினும் பாட்டிமார் சொன்ன ஒன்றை நான் பரிகசிக்கமாட்டேன். தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் உலராமல் இருந்தால் தலைவலி வரும் என்று அவர்கள் சொன்னதை வைத்திய உலகம் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. மும்பையின் தலைவலி நிபுணர் ரவிசங்கர், தலைக்குக் குளித்தல் மைக்ரேனைத் தூண்டிய 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் எழுதிய பிறகு அதற்கும் ஏட்டில் இடம் கிடைத்தது. நீளக் கூந்தல் இல்லாத தேசத்தார் எழுதிய புஸ்தகங்களில் அது இல்லாமற்போனதில் வியப்பில்லை. பட்டினி, வெயில், தூக்கக் குறைவு, மாதவிலக்கு ஆகியவையும் அத்தகைய தூண்டுகோல்களே.

“தலைவலி மாத்திரை ஒன்றும் செய்யாது, டாக்டர் கொடுத்தது பைத்தியத்துக்கான மாத்திரையாம்”

இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் குடியிருக்கின்றன. கைப்பையின் சிறிய அறையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எப்போதும் வைத்திருந்து, வலி வருமோ என்ற சந்தேகத்திலேயே ஒன்றை விழுங்கிவிடுகிறவர்களுக்கு, அந்த மாத்திரையே நாளடைவில் நித்தியத் தலைவலியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பாரசிட்டமால் போன்ற எளிய மருந்தை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரைகளையும் மைக்ரேன் வலியைத் தணிக்கும் டிரிப்டான் வகையையும் மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் உட்கொண்டால் இந்த ஸ்திதி நேரும் என்பது நிபுணர்கள் வகுத்த எல்லை.

மாறாக, வலி வராமலே தடுப்பதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை, மருந்துக்கடையில் யாரோ “இது வலிப்புக்குக் கொடுக்கிறது, அக்கா” என்றோ, “மன அழுத்தத்துக்கான மாத்திரை” என்றோ சொன்னதும், நான்காம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். புரொப்ரனலால் இருதயத்துக்காகவும், டோபிரமேட் வலிப்புக்காகவும், அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்காகவும் முதலில் புழக்கத்துக்கு வந்தவை என்பது மெய்யே. மைக்ரேனையும் அவை குறைக்கும் என்பது பின்னர் தெரியவந்தது. அவற்றின் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் வேண்டும். மைக்ரேனுக்கென்றே அமைந்த தடுப்பு ஊசிகள் 2018 முதல்தான் வந்தன. அவற்றுக்கு வழிகாட்டிய நான்கு ஆராய்ச்சியாளர்களுக்கு 2021இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பிரைஸ் அளிக்கப்பட்டது.

“ரிப்போர்ட்டில் ஏதோ வந்திருக்கிறதாம்”

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில், ‘நான்ஸ்பெசிஃபிக் வைட் மேட்டர் ஹைப்பர்இன்டென்சிட்டீஸ்’ என்று ஒரு வரி இருக்கும். படத்தில் அவை மூளையின் உட்பகுதியில் எள்ளளவு வெள்ளைப் புள்ளிகள். மைக்ரேன் உள்ளவர்களிடம் இவை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன; நெதர்லாந்தில் இத்தகையவர்களை ஒன்பது வருஷம் கழித்து மறுபடியும் பரிசோதித்து 2012இல் வெளியிட்டபோது, பெண்களிடம் புள்ளிகள் பெருகியிருந்தும், அதனால் ஞாபகமோ புத்தியோ மங்கியதாகக் காணவில்லை. வயதும் ரத்த அழுத்தமும்கூட இப்புள்ளிகளை உண்டாக்கும். இதை அறியாமல் அந்த வரியைப் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக எண்ணித் தூக்கத்தை இழப்பவர்கள், தூக்கமிழந்த காரணத்தாலேயே அடுத்த தலைவலியை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

அஞ்சவேண்டிய அறிகுறிகள் வேறு. அவை பெரும்பாலும் ரிப்போர்ட்டில் அல்ல, ரோகியிடமே இருக்கின்றன. ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்தை எட்டும் திடீர் வலி, ஜுரத்தோடு கழுத்து விறைத்துக்கொள்ளும் வலி, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வலி, புதிதாகக் கை கால் மரத்தோ பேச்சுக் குழறியோ போதல் ஆகியவற்றுக்குத் தைலத்தைத் தேடிக்கொண்டிருக்கலாகாது. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்குப் புதிதாகத் தலைவலி வந்து, வலிப்பும் கண்டால், மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்த வேளையில் தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கொடாமல் பத்தியம் காக்கிற வழக்கத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

“முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும்”

மைக்ரேனோடு வாழ்ந்து பழகிய ஒருத்திக்கு, ஒரு சமயம் வலியின் ஜாடையே மாறிவிடுகிறது. குனிந்து நிமிர்ந்தால் சில விநாடி பார்வை சாம்பல் பூத்து மறைகிறது. இரவில் காதுக்குள் இருதயத் துடிப்போடு ஒத்து ‘உஸ் உஸ்’ என்று ஓசை கேட்கிறது. கண் டாக்டர் விழியின் உட்புறத்தைப் பார்த்துவிட்டு, பார்வை நரம்பின் முகப்பு வீங்கியிருக்கிறது, நரம்பு டாக்டரிடம் போங்கள் என்கிறார். அங்கே கிடைக்கும் பெயர் ‘இடியோபதிக் இன்ட்ராக்ரேனியல் ஹைப்பர்டென்ஷன்’. காரணம் விளங்காமல் மண்டைக்குள் நீரழுத்தம் மிகுவது என்று அர்த்தம். ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உப்பை நிறுத்துவதனால் மட்டும் இது தீராது. மூளைக் கட்டியுமன்று, ஆனால் அறிகுறிகள் கட்டியையே ஒத்திருப்பதால் பொய்க்கட்டி என்ற பெயரும் இதற்கு உண்டு. பிள்ளை பெறும் வயதில், உடம்பு கூடிய பெண்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது. முகப்பருவுக்காக உட்கொள்ளும் சில மாத்திரைகளும் காரணமாகலாம்.

ஸ்கேனில் கட்டியோ உறைந்த ரத்தமோ இல்லை என்று நிச்சயமானபின், முதுகில் ஊசி செலுத்தி நீரின் அழுத்தத்தை அளக்கவேண்டும். அது 250 மில்லிமீட்டர் நீர்மட்ட அளவுக்கு மேற்பட்டால் நோய் உறுதியாகும். இந்தக் கட்டத்தில்தான் உறவினர் கூடி, வேண்டவே வேண்டாம் என்று தடுக்கிறார்கள். ஆனால் தண்டுவடம் இடுப்பின் முதலாவது இரண்டாவது எலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு இடையிலோ அதற்கும் அடுத்தோ செல்கிறது. ஜெர்மானிய வைத்தியர் குவிங்கே 1891இல் வகுத்த முறை இது. தடுக்கிற பெண்களில் பலர், சிசேரியனுக்காக அநேகமாக அதே இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு, பின்பு நடந்தே வீட்டுக்கு வந்தவர்கள்! எடுக்கிற சில மில்லிலிட்டர் நீரைப் பற்றியும் கவலை வேண்டாம். தினந்தோறும் ஏறத்தாழ அரை லிட்டர் அங்கே புதிதாகச் சுரந்துகொண்டிருக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் தணியும் ஒருவிதத் தலைவலி சிலருக்குச் சில நாள் இருக்கலாம் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

சிகிச்சையில் முதலிடம் எடை குறைப்பதற்கு. கூடவே அசிட்டசோலமைட் என்ற மாத்திரை. அதைத் தொடங்கியதும் விரல் நுனிகள் சுறுசுறுக்கும்; சோடா குடித்தால் காரமே இல்லாமல் சப்பென்று இருக்கும். இவ்விரண்டையும் முன்கூட்டிச் சொல்லாத டாக்டரின் நோயாளி, நரம்பே கெட்டுவிட்டதென்று மருந்தை நிறுத்திவிடுகிறாள். இங்கே அலட்சியம் உண்மையிலேயே ஆபத்தானது, ஏனென்றால் கவனியாமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். ஆகவே வலி குறைந்தாலும் குறையாவிட்டாலும், குறித்த நாளில் கண் டாக்டரிடம் சென்று, பெட்டிக்குள் முகத்தைப் பொருத்தி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்துகிற பரீட்சையைச் செய்துகொண்டே வரவேண்டும்.

நரம்பின் வீக்கம் வடிந்து, பார்வை தெளிந்த பிறகும் தலைவலி நிற்கவில்லையே, அப்படியானால் கண்டுபிடித்த நோயே தவறோ என்ற கேள்வி பெரும்பாலும் அப்போதுதான் எழும். தவறில்லை. பழைய மைக்ரேன் புதிய நோய்க்காக இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. நீரழுத்தம் இறங்கியபின் மிஞ்சி நிற்பது அநேகமாக அதுவே, அதற்குத் தனியே சிகிச்சை தேவை. டோபிரமேட் இந்த இடத்தில் இரண்டுக்கும் ஓரளவு உதவும், எடையையும் குறைக்கும். ஆனால் கருவிலுள்ள குழந்தைக்கு அது ஆகாதாகையால், பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருக்குமானால் சீட்டு எழுதுவதற்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடவேண்டும்.