போனைப் பிடுங்கினால் போதுமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிற பையன்களுக்கு இன்ஸ்டாகிராமிலேயே போதை மாத்திரை கிடைக்கிறதாமே! மகனின் போனை வாங்கி வைத்துவிடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். பேரம் போனில் நடந்தாலும் பணம் கைமாற வேண்டும், சரக்கு வந்து சேர வேண்டும். தமிழ்நாட்டில் பிடிபடும் டேபென்டடால் மாதிரியான வலிநிவாரணிகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. அவை கூரியரில் சாதாரண பார்சலாகவும் வருகின்றன. தானே அழிந்துபோகும் செய்தியை உங்களால் படிக்க முடியாது. ஆனால் ஜிபேயில் முன்பின் தெரியாத பெயருக்கு அடிக்கடி போகும் முந்நூறு ரூபாயும், வீட்டில் யாரும் ஆர்டர் செய்யாத பார்சலும் கண்ணில் படும். போனைப் பிடுங்கினால் அவன் நண்பனின் போனுக்குப் போவான். உங்களுக்கு இருந்த தடயமும் போய்விடும்.

'இதைப் பேசினால் நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகாதா?' என்பீர்கள். உங்களுக்கு முன்பே அவன் கேள்விப்பட்டிருப்பான். தெரியாதது ஆபத்து மட்டும்தான். கேஸாகிவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே, சிறிதளவோடு சிக்கிய அடிமை தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது (பிரிவு 64ஏ). ஆகவே சந்தேகம் வந்தால் மூடி மறைக்காதீர்கள். 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.