படை ஊர் திரும்பிய பிறகு

அன்புள்ள அம்மிணிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் அடிக்க என் விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால்தான் தபால். "போனும் ரயிலும் இல்லாத காலத்தில் தஞ்சாவூர் ராஜா கோயம்புத்தூரை எப்படி அப்பிச்சி ஆண்டிருப்பார்?" என்று கேட்டிருந்தாய். எந்த ஆண்டு யார் யாரை வென்றார் என்பது உன் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கும். வென்ற படை ஊர் திரும்பியதும் என்ன நடந்தது என்பதற்குத்தான் புத்தகத்தில் இடம் குறைவு. தாலுகா ஆபீசில் பேனா பிடித்தவன் என்பதால் எனக்கு அந்தப் பகுதியில்தான் ருசி.

முதலில் ஒன்று. கரூர்ச் சேரரை விட்டுவிட்டால், நம்மை ஆண்ட பெரிய அரசு எதற்கும் தலைநகர் கொங்கில் இருந்ததில்லை. தஞ்சை, மதுரை, துவாரசமுத்திரம், விஜயநகரம், ஸ்ரீரங்கப்பட்டணம், கடைசியில் சென்னைக் கோட்டை என்று எல்லாரும் தூரத்தில் இருந்தே ஆண்டார்கள். அவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி அதுதான். மேற்குக் கடற்கரையில் இறங்கிய சரக்கு அதன் வழியாகத்தான் கிழக்கே வர வேண்டும். 1842இல் வெள்ளலூரில் ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக் காசு கிடைத்ததே, அது அந்த வழியில் வந்ததுதான். வழியைப் பிடித்தவனுக்குச் சுங்கம்.

கோவைப்புதூரை ஒட்டிய சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ஒரு பாறையில் அந்த வழியின் பெயர் வெட்டியிருக்கிறது: ராஜகேசரிப் பெருவழி. கொங்கைப் பிடித்த முதல் சோழனான முதலாம் ஆதித்தன் (கி.பி. 871-907) காலத்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. ராஜகேசரி என்பது சோழர் பட்டம். வியாபாரிகள் எத்தனையோ தலைமுறையாக நடந்து தேய்த்த பாதைக்குத் தன் பட்டத்தைச் சூட்டிவிட்டார் ராஜா. கல்வெட்டில் இருப்பது ஒரு வெண்பா. அதே வெண்பாவை இரண்டு எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள், ஒன்று இந்தப் பக்கம் வழங்கிய வட்டெழுத்து, இன்னொன்று தமிழ் எழுத்து. கொங்கன் படித்தாலும் புரிய வேண்டும், கிழக்கே இருந்து வந்தவன் படித்தாலும் புரிய வேண்டும். இந்த ஒரு பாறை எனக்கு நாலு போர்க்களக் கதைக்குச் சமம்.

பிறகு கொங்குக்கே வீரசோழ மண்டலம் என்று பெயர் மாற்றினார்கள். கோயிலில் யாராவது நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுத்தால்கூட (ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது சோழர் காலத்தில் பரவலான கணக்கு), அந்தத் தானத்தைச் சொல்லும் கல்வெட்டு ராஜாவின் பெயரிலும் ஆட்சியாண்டிலும்தான் தொடங்கும். ராஜராஜன் காலம் முதல் அவர் வென்ற நாடுகளின் பட்டியலும் மெய்க்கீர்த்தியாக முன்னால் வந்து உட்கார்ந்தது. ஆடு கொடுத்தவர் பெயர் அதற்குப் பிறகு.

பெயரெல்லாம் சரி, ஆனால் பெயரைக் கண்டு ஊர் பணியாது. கரூர் பசுபதீஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, உன் கேள்விக்கு நேரான பதில் அது என்பேன். வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு, அதாவது கொல்லர், தச்சர், தட்டார் போன்ற கைவினைக்காரர்களுக்கு ஓர் அரசன் அனுப்பிய ஆணை. அவன் இயற்பெயர் அதில் இல்லை, கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் மட்டும்தான். பதினைந்தாம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல், உங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே போகும்போது செருப்புப் போடலாம். வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்கிறது ஆணை.

இதை நிதானமாகப் படி. அனுமதி தர வேண்டியிருந்தது என்றால், அதுவரை செருப்புப் போட விடவில்லை என்று அர்த்தம். விடாதவர்கள் தஞ்சாவூரில் இல்லை, பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். நிலம் வைத்திருந்த கூட்டத்தார். நம் முன்னோரும் அதில் இருந்திருக்கலாம், மறைத்து என்ன ஆகப்போகிறது. ராஜாவுக்கு இந்த ஆணையில் ஒரு காசு செலவில்லை. ஆனால் மறுநாள் செருப்புப் போட்டு நடந்த கொல்லர் வீட்டுப் பையனுக்கு ராஜா யார் என்று தெரிந்துவிட்டது. யாராவது தடுத்தால் கோயில் சுவரைக் காட்டுவான். இனி அந்த அரசு இருக்க வேண்டும் என்று அவனும் நினைப்பான். அதற்காக அரசன் சாதியை ஒழிக்க வந்த புண்ணியவான் என்று எழுதிவிடாதே. ஏற்றத்தாழ்வு அப்படியே இருந்தது. அதில் யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுக்கும் படியை மட்டும் அவன் தன் கைக்கு வாங்கிக்கொண்டான்.

ரோமிலும் இதே வேலை நடந்திருக்கிறது. கி.பி. 212இல் காரகல்லா என்ற பேரரசன், ஏறக்குறைய எல்லாச் சுதந்திரக் குடிகளுக்கும் ரோமானியக் குடியுரிமை கொடுத்தான். குடியுரிமை உள்ளவர் கட்ட வேண்டிய வரிகளுக்காகத்தான் கொடுத்தான் என்று அவன் காலத்திலேயே எழுதி வைத்தவர் உண்டு. அப்படியே இருந்தாலும் வாங்கியவர்கள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவில்லை.

நொய்யல் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும். தேவிசிறை என்று ஓர் அணை கட்டிக்கொள்ளப் பேரூர்க்காரர்களுக்கு அனுமதி தந்த கல்வெட்டு உண்டு. ஏற்கெனவே இருந்த கோளூர் அணைக்குக் குறை வரக்கூடாது என்பது நிபந்தனை. அணையை ஊரார் கட்டிக்கொள்வார்கள். மேல்மடைக்காரனுக்கும் கீழ்மடைக்காரனுக்கும் சண்டை வந்தால் கேட்க ஓர் இடம் வேண்டுமே, அந்த இடத்தில் போய் உட்காருவதுதான் அரசாங்கம். நான் பார்த்த தாலுகா ஆபீசிலும் பாதிக் கூட்டம் வாய்க்கால் தகராறுதான்.

நாயக்கர் காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையமாகப் பிரித்தார்கள் என்பது வழக்கு. வசூலில் மூன்றில் ஒரு பங்கு மேலே, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. உள்ளூர்ப் பெரிய மனிதரை விரட்டாமல், பட்டமும் பரிவட்டமும் கொடுத்துத் தன் ஆளாக்கும் வழி இது. மலிவான வழி, ஆனால் ஆபத்தானது. மேலே இருப்பவன் தளர்ந்தால், பட்டம் வாங்கியவன் பணத்தை அனுப்ப மாட்டான்.

தீரன் சின்னமலை மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்த கதையை உனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஓர் அரசின் உயிர் எந்த வழியில் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே சின்னமலை பிறகு மைசூரை ஆண்ட திப்புவோடு சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தார் என்பதையும் சேர்த்துப் படி. பகை யாரோடு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1799இல் திப்பு விழுந்ததும் கோவை கம்பெனி கைக்குப் போனது. 1800 ஜூன் 3 அன்று பாளையக்காரர் கூட்டணி கோவையில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கித் தோற்றது. 1805 ஜூலை 31 அன்று சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள்.

தூக்குக் கயிற்றால் ஊர் அடங்கும். வரி வராது. அதற்குக் கம்பெனி வைத்திருந்த ஏற்பாடு வேறு. சேலம், தர்மபுரிப் பக்கம் 1792 முதல் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பழகிப் பார்த்த ரயத்துவாரி முறை கோவைக்கும் வந்தது. நிலத்தை அளந்து, தீர்வை போட்டு, விவசாயி பெயரிலேயே பட்டா. நடுவில் பாளையக்காரர் கிடையாது. தீர்வை கனமாகத்தான் இருந்தது, கட்ட முடியாமல் நிலத்தை விட்டுப் போனவர்களும் உண்டு. ஆனாலும் பட்டாவை யாரும் கிழித்துப் போடவில்லை. பங்காளி வந்து வரப்பைத் தள்ளிப் போட்டால் காட்டுவதற்கு அந்தக் காகிதம்தானே இருக்கிறது? கம்மாளர் வீட்டுப் பையன் காட்டிய கோயில் சுவரும் அதுவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

இப்போதும் வருஷா வருஷம் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும். ஊர்க் கணக்கையெல்லாம் மேஜையில் அடுக்கி, பட்டா மாறுதல், எல்லைத் தகராறு என்று மனு வாங்குவார்கள். அடுத்த முறை உன் அப்பாவோடு போய் ஓர் ஓரமாக நின்று பார். அடங்கல் ஏட்டின் தலைப்பில் பசலி என்று ஓர் எண் இருக்கும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. அறுவடைக் காலத்தை ஒட்டி வரி வாங்க அக்பர் காலத்தில் ஏற்பட்ட ஆண்டுக் கணக்கு அது. அக்பரின் படை கொங்குக்கு வந்ததே இல்லை.

இப்படிக்கு,
அப்பிச்சி