கடன் வசூலிப்பவர் வரும்போது ஒளிய வேண்டாம்

சம்பளம் போட்ட மறுநாள் மாலை. லயத்துச் சந்தில் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்கிறது. கடன் வசூலிக்கும் ஆள் வந்துவிட்டார் என்று அறிந்ததும் குடும்பத் தலைவர் பின்வாசல் வழியே பால் மரக் காட்டுக்குள் சென்றுவிடுகிறார். வாசலில் நின்று ஏச்சுக் கேட்பவர் அவருடைய மனைவி. உள்ளே இருந்து அதனைக் கேட்பவர்கள் பிள்ளைகள். தோட்டங்களில் இக்காட்சியைக் காணாதவர் சிலரே.

“கடன் இல்லாக் கஞ்சி கால் வயிறு” என்பது முன்னோர் மொழி. ஆயினும் நோய், திருமணம், பள்ளிச் செலவு எனக் கடன் வாங்கும் நிலை எவருக்கும் நேரலாம். கடன் பட்டது குற்றமன்று. முழுத் தொகையையும் உடனே கொடுக்க இயலாமையும் குற்றமன்று. ஆனால், ஒளிந்துகொள்வது கடனைக் குறைப்பதில்லை. ஒளிந்தவரின் நியாயத்தை எவரும் கேட்க இயலாது. வட்டியோ நாள்தோறும் ஏறுகிறது. எனவே, எதிர்நின்று பேசுவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. கடன் யாருக்கு உரியது?

வசூலிக்க வந்தவர் யார் சார்பில் வந்துள்ளார் என்று முதலில் கேளுங்கள். அவருடைய அடையாளச் சான்றையும், நிறுவனம் தந்த அதிகாரக் கடிதத்தையும், எழுத்து மூலமான கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்குச் சினம் கொள்ளமாட்டார்.

1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தின்படி, வட்டிக்குப் பணம் கொடுப்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதன் பிரதி கடன் வாங்கியவரிடம் தரப்படுதல் வேண்டும். ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்கு மேலும், ஈடு வைத்த கடனுக்கு 12 விழுக்காட்டிற்கு மேலும் வட்டி வாங்குதல் கூடாது.

1,000 வெள்ளிக் கடனுக்கு 18 விழுக்காட்டில் ஓராண்டு வட்டி 180 வெள்ளி. உரிமம் இல்லாத ஆலோங் ஒருவர் வாரத்திற்கு 10 விழுக்காடு வட்டி கேட்டால், 52 வாரங்களில் வட்டி மட்டுமே 5,200 வெள்ளி ஆகிவிடும். முதலோ அப்படியே நிற்கும். உரிமம் இல்லாதவர் தம் கடன் ஒப்பந்தத்தைக் கொண்டு நீதிமன்றத்தில் பணம் கோர இயலாது. அவ்வாறு தொழில் நடத்துவோருக்கு 250,000 வெள்ளி முதல் 1,000,000 வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அத்தகையோர் மிரட்டினால் உடனே காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

2. வீட்டுக் கணக்கைப் போடுங்கள்

பேசப் போகுமுன் கணவனும் மனைவியும் அமர்ந்து வரவையும் செலவையும் எழுத வேண்டும். நம் தொழிலில் வரவு மாதந்தோறும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மழை பெய்த காலையில் மரம் சீவ இயலாது. ஆண்டின் முற்பகுதியில் இலையுதிரும் காலத்தில் பால் குறைந்துவிடும். ஆகவே, நல்ல மாதத்து வருமானத்தை மட்டும் எண்ணி வாக்குக் கொடுப்பது பெரும் பிழை. அவ்வாக்குத் தவறும்போது அடுத்த வாக்கையும் எவரும் நம்பமாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு தொழிலாளி 3,000 வெள்ளியை 18 விழுக்காட்டில் இரண்டாண்டுத் தவணைக்குப் பெற்றார். வட்டி 1,080 வெள்ளி. மொத்தம் 4,080 வெள்ளி. மாதத் தவணை 170 வெள்ளி. இலையுதிரும் மூன்று மாதங்களில் அவரால் 80 வெள்ளிதான் கொடுக்க இயலும். மாதம் 90 வீதம் 270 வெள்ளி குறைகிறது. பின்வரும் ஒன்பது மாதங்களில் மாதந்தோறும் 30 வெள்ளி சேர்த்து 200 வெள்ளியாகச் செலுத்தினால் அக்குறை தீர்ந்துவிடும். “பணம் இல்லை” என்று சொல்வதற்கும், இக்கணக்கைக் காட்டிப் பேசுவதற்கும் எவ்வளவு வேறுபாடு பாருங்கள்! தாமதத்திற்குக் கூடுதல் வட்டி உண்டா என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. உடன்பாட்டை எழுத்தில் பெறுங்கள்

தவணை தவறிய பின்னர் செல்வதைவிடத் தவறுமுன் கடன் கொடுத்தவரின் அலுவலகத்திற்கு நேரில் செல்வது நன்று. புதிய தவணையை எழுத்தில் பெற்றுக் கொள்ளுங்கள். பத்து வெள்ளி கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். எழுதாத தாளில் கையெழுத்திடாதீர்கள். அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். பிறருடைய அடையாள அட்டையைப் பிடித்து வைத்திருப்பது சட்டப்படி குற்றமாகும். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குவதும் வேண்டாம்.

4. அச்சுறுத்தலும் உண்மையும்

“கிராணியிடம் சொல்லிச் சம்பளத்தைப் பிடித்துவிடுவேன்” என்பார் சிலர். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளப் பிடித்தத்திற்கு வரம்பு விதித்துள்ளது. வசூலிக்க வந்தவரின் வாய்ச்சொல்லை ஏற்று நிர்வாகம் சம்பளத்தைப் பிடித்துக் கொடுத்தல் இயலாது.

“சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொள்வேன்” என்பதும் வெறும் மிரட்டலே. ஊழியர் சேமநிதியில் உள்ள தொகையைக் கடன் கொடுத்தவர் பறிமுதல் செய்ய இயலாது. “திவாலாக்குவேன்” என்றால், 2021 முதல் அதற்குக் குறைந்தது 100,000 வெள்ளிக் கடன் இருத்தல் வேண்டும் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

நீதிமன்ற ஆணையின்றி வீட்டுச் சாமான்களைத் தூக்கிச் செல்லும் உரிமை வசூலிக்க வருபவருக்கு இல்லை. தவணை முறையில் வாங்கிய மோட்டார் சைக்கிளின் நிலை வேறு. தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நிறுவனம் அதனை மீட்கலாம். விலையில் 75 விழுக்காட்டிற்கு மேல் செலுத்தியிருந்தால் நீதிமன்ற ஆணை தேவை. மீட்க வருபவர் அனுமதி அட்டை வைத்திருக்க வேண்டும்.

ஆயினும், நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் அதனை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். குறித்த நாளில் வராதவருக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கப்படலாம். நேரில் சென்றால் தவணையில் செலுத்த அனுமதி கோரலாம்.

5. யாரிடம் ஆலோசனை கேட்பது?

வங்கிக் கடன் சுமையாகிவிட்டால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்தை நாடலாம். வரவு செலவை ஆராய்ந்து, வங்கிகளுடன் பேசித் தவணையை மாற்றியமைக்க அது இலவசமாக உதவுகிறது. சம்பளப் பிடித்தம் பற்றித் தொழிலாளர் இலாகாவிடமும், வழக்குப் பற்றிச் சட்ட உதவி இலாகாவிடமும் கேட்கலாம். தொழிற்சங்கக் கிளைச் செயலாளரும் கடிதம் எழுதத் துணை புரியக்கூடும்.

இவை யாவும் கடனைக் கொடாமல் தப்பிக்கும் வழிகள் அல்ல. முறையாக வாங்கிய கடனை முறையாகத் திருப்பிக் கொடுப்பதற்கான வழிகளே. அடுத்த முறை மோட்டார் சைக்கிள் ஓசை கேட்கும்போது பின்வாசலை நாட வேண்டாம். கணக்குப் புத்தகத்தையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். “இம்மாதம் என்னால் இயன்றது இவ்வளவு, மீதியை இன்ன நாளில் தருவேன், எழுதிக் கொடுங்கள்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். மனைவி ஏச்சுக் கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகளும் தந்தை நிமிர்ந்து நின்று பேசுவதைக் காண்பார்கள்.