மீன் தொட்டியும் கிணற்று நீரும்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் (919, 921) குடவோலைக்காக அனைவரும் போற்றுகின்றனர். அம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் ஏரி வாரியத்தாரும் இருந்தனர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. ஊர் ஏரியாயினும், திண்ணையில் வைத்த கண்ணாடித் தொட்டியாயினும், தேங்கிய நீரைப் பேண ஒருவர் வேண்டும்.

சென்னைக் கொளத்தூரிலிருந்து வாங்கிவரும் வண்ண மீன்கள் இன்று சிற்றூர் வீடுகளிலும் வளர்கின்றன. மீனின் கழிவும் எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகின்றன. நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவது அத்துணைக் கொடியதன்று. ஆயினும் தொட்டியை விட்டு அது எளிதில் நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறையும்போது, மேலும் செறிகிறது. அளவு மிகுந்தால் பாசி படரும். மீன்கள் சோர்ந்து நலிவுறும்.

"நீரை மாற்றினால் போதுமே" என்பர். எந்த நீரைக் கொண்டு என்பதே கேள்வி. எருக்குழிக்கோ மலக்குழிக்கோ அருகிலுள்ள கிணற்றிலும், யூரியா மிகுதியாக இட்ட வயலையடுத்த கிணற்றிலும் நைட்ரேட் முன்னரே கலந்திருக்கக்கூடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 40 லிட்டர் தொட்டி. லிட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரேட். கிணற்று நீரிலோ 40. வாரம் 10 லிட்டர் மாற்றினால், புதிய கழிவைக் கணக்கில் சேர்க்காமலே, மூன்று வாரத்தில் 57 வரைதான் இறங்கும். எத்தனை முறை மாற்றினாலும் 40-க்குக் கீழே போகாது. அதே கிணற்று நீருடன் சம அளவு தூய மழைநீர் கலந்து ஊற்றினால், மூன்றே வாரத்தில் 45 ஆகிவிடும், மேலும் குறையும். மழைநீரை மட்டும் ஊற்றுதல் தவறு. அதில் உப்புச் சத்து மிகக் குறைவு. ஒரே நாளில் முழுநீரையும் மாற்றுதல் அதனினும் தவறு.

இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்னும் இரையே போதும். அடிமண்டியை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். வேலம்பாசி நைட்ரேட்டை உண்டு வளரும். வளர்ந்ததை அவ்வப்போது கிள்ளி வெளியேற்றாவிடில், அழுகி, உண்டதைத் திருப்பிக் கொடுத்துவிடும். வடித்த நீரைக் கத்தரிப் பாத்திக்கு ஊற்றலாம். செடிக்கு அதுவே உரம்.

சோதனைப் பெட்டி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பெட்டிகள் நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை மட்டுமே காட்டும், அவ்வெண்ணை 4.4 ஆல் பெருக்க வேண்டும்.

தொட்டிக்கு முன் கிணற்று நீரைச் சோதிப்பதில் மீனைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தரநிர்ணயம். அதனினும் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். இதனை 1945-இல் அமெரிக்க மருத்துவர் கோம்லி எடுத்துரைத்தார். நீரைக் காய்ச்சினால் நைட்ரேட் போகாது. வற்றவற்ற அதன் செறிவு கூடும். சோதனையில் அளவு மிகுந்திருந்தால், அந்தக் கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுப்பதை அன்றே நிறுத்தி, வேறு நல்ல நீருக்கு ஏற்பாடு செய்க. எருக்குழியையும் கிணற்றைவிட்டு அகற்றுக.