அப்டேட்டுக்கும் நாள் பார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ராத்திரி ரெக்கார்டிங்கில் பாட்டியம்மா ஒப்பாரியில் ஊறிப் பாடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டது, "இனி இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்பா" என்று அவரும் எழுந்து போய்விட்டார் என்கிறாய். அப்டேட் என்ற ஒன்றே வராமல் ஒரேயடியாக முடக்க வழி கேட்கிறாய். அதற்கு யூடியூபில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. நான் அதைச் சொல்லப்போவதில்லை. அப்டேட் வரட்டும். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் உன் கையில் வைத்துக்கொள்.

அது ஏன் சரியாக ராத்திரியில் வந்து விழுந்தது என்று முதலில் பார். விண்டோஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. 'இது நான் வேலை செய்யும் நேரம், இப்போது ரீஸ்டார்ட் செய்யாதே' என்று நாம் சொல்லி வைக்கும் இடம். சொல்லாமல் விட்டால் காலை 8 முதல் மாலை 5 என்று அதுவாக வைத்துக்கொள்ளும். புதிய பதிப்புகள் நம் பழக்கத்தைக் கவனித்துத் தாமாக மாற்றிக்கொள்ளவும் செய்யும். ஆபீஸ்காரர்களுக்கு இது சரி. உங்கள் அய்யலூரில் பகலில் யார் ரெக்கார்டிங் செய்ய முடியும்? திருச்சி - திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் லாரிச் சத்தம் ஓயாது. வியாழக்கிழமையானால் ஆட்டுச் சந்தை. நடுநடுவே ரயில். ஊர் அடங்கிய பிறகுதான் உன்னால் மைக்கைத் திறக்கவே முடியும். 2022-இல் சரணாலயம் அறிவித்தார்களே, உங்கள் மலைத் தேவாங்கு, அதைப்போல நீயும் ராத்திரிப் பிராணி. விண்டோஸோ, 'இவன் படுத்துவிட்டான்' என்று நினைத்துக்கொள்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை; அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரை. அதாவது நீ மைக்கைத் திறக்கும் நேரம். காலண்டரில் அந்தச் செவ்வாய்களைச் சுழித்து வை. அன்றைக்கும் மறுநாளும் யாரையும் பாட வரச் சொல்லாதே.

இனி செய்ய வேண்டியவை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போ. ஆக்டிவ் ஹவர்ஸை நீயே நிர்ணயிக்கலாம். அதிகபட்சம் 18 மணி நேரம் தருவார்கள். காலை 10 முதல் மறுநாள் விடியற்காலை 4 வரை என்று வை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 'பாஸ்' (Pause) இருக்கிறது. ஹோம் பதிப்பிலும் 2019 முதல் 35 நாள் வரை அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். அது முடிந்ததும் வந்தவற்றைப் போட்டுக்கொண்டால்தான் மறுபடி நிறுத்த விடும். அது நியாயமான நிபந்தனைதான் என்பேன். ப்ரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசியில் 'டவுன்லோட் செய்யுமுன் என்னைக் கேள்' என்றே சொல்லிவிடலாம். டிரைவர்களை அப்டேட்டோடு சேர்க்காதே என்றும் தனியாக ஒரு விதி உண்டு. அந்த இரண்டாவது விதிதான் நம் தொழிலுக்கு முக்கியம். ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு டிரைவரை அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து நீ எடுத்துப் போடு. விண்டோஸ் கொண்டுவந்து போட வேண்டியதில்லை.

நெட்டுக்கு உன் போன் ஹாட்ஸ்பாட்டைத்தான் பிடிக்கிறாய். அந்த வைஃபை பெயரைத் திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய். பெரிய அப்டேட்டுகளை விண்டோஸ் தானாக இறக்காது. உன் தினசரி டேட்டாவும் காலை பத்து மணிக்கே தீர்ந்துபோகாது. மைக் திறந்திருக்கும்போது வைஃபையையே அணைத்துவிடு. சில பிளகின்கள் லைசென்ஸ் சரிபார்க்க அவ்வப்போது நெட் கேட்கும். அதைப் பகலில் முடித்து வை.

சர்வீசஸ் பட்டியலில் போய் விண்டோஸ் அப்டேட்டை 'டிசேபிள்' செய்தால் போதும் என்று உன் நண்பன் சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தாய். அதைத் திரும்பத் தூக்கி நிறுத்துவதற்கென்றே விண்டோஸுக்குள் இன்னொரு சர்வீஸ் இருக்கிறது. கொஞ்ச நாளில் தானாக உயிர் பெற்று, நீ எதிர்பாராத ராத்திரியில் வந்து நிற்கும். ரெஜிஸ்ட்ரியை நோண்டும் வைத்தியமும் வேண்டாம்.

ரீஸ்டார்ட் ஆகாவிட்டாலும் பின்னணியில் அப்டேட் ஓடினாலே நமக்குக் கேடுதான். நீ 48 கிலோஹெர்ட்ஸில், 128 பஃபரில் பதிவு செய்கிறாய். ஒரு விநாடிக்கு 48,000 மாதிரிகள். 128 மாதிரி கொண்ட கட்டு ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 2.7 மில்லிசெகண்ட். விநாடிக்கு 375 முறை கம்ப்யூட்டர் இந்தக் கெடுவுக்குள் கட்டை எடுத்து முடிக்க வேண்டும். அப்டேட் கோப்புகளை விரித்து வைக்கும் வேலை பிராசஸரையும் டிஸ்க்கையும் பிடித்துக்கொண்டால் ஒரே ஒரு கட்டு தவறும். காதில் 'டிக்' என்று விழும். பறை அதிரும் இடத்தில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. உறுமியில், வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து அந்த முனகலை இழுக்கிறார்களே, அங்கே விழுந்தால் தோலில் கீறல் விழுந்ததுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். ஒப்பாரியில் மூச்சு வாங்கும் இடைவெளியில் விழுந்தால் அந்த டேக்கே வீண். ஹெட்போனில் 'டிக்' கேட்டதும் கேபிளையும் மைக்கையும் சந்தேகப்படுகிறோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பின்னால் யார் வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

பெரிய அப்டேட்டுகளை அவசரமாகப் போடக் கூடாது என்று நான் சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, மைக்ரோஃபோன் அனுமதி விதியைச் சாதாரண மென்பொருள்களுக்கும் விரித்தது. அனுமதி அணைந்திருந்தவர்களுக்கு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் சத்தமே வரவில்லை. அதே ஆண்டு அக்டோபர் பதிப்பு சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்று, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளியிட்டது. மேக் வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். 2019 அக்டோபரில் வந்த கேட்டலீனா, 32-பிட் மென்பொருள்களை மொத்தமாக நிறுத்தியது. பழைய பிளகின்களை நம்பியிருந்தவர்களுக்கு அவர்களுடைய சொந்தப் பாடல்களே திறக்கும்போது முழுமையாக வரவில்லை. உன் கூட்டாளியின் மேக்கில் 'மேக்ஓஎஸ் அப்டேட்டுகளைத் தானாக நிறுவு' என்பதை மட்டும் அணைக்கச் சொல். பாதுகாப்புக் கோப்புகளுக்கான சுவிட்ச் ஆனிலேயே இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை? 2017 மே 12-ஐ நினைத்துத்தான். அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்டவர்கள்தான். மைக் திறக்கும்போது வைஃபையைத்தான் அணைத்துவிடுகிறேனே, எனக்கென்ன என்று நீ கேட்கலாம். கல்யாண வீடியோக்காரர், திருவிழா ரேடியோ செட்டுக்காரர், பாட்டுப் பாட வந்தவர் என்று எத்தனை பேருடைய பென் டிரைவ் உன் கம்ப்யூட்டரில் ஏறி இறங்குகிறது?

ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கம் வீட்டில் பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கியபோது வீட்டுக்குள் ஸ்டூடியோ என்பதே பலருக்குப் புதிது. பெரிய ரெக்கார்டிங் தியேட்டர்களில் இயந்திரத்தைக் கவனிக்க ஒரு இன்ஜினியர் இருப்பார். உன் அறையில் அந்த நாற்காலியும் உனக்குத்தான். அதனால் மாதம் ஒரு நாளை அந்த வேலைக்கென்றே ஒதுக்கு. இரண்டாவது செவ்வாய் கழிந்து ஒரு வாரம், பத்து நாள் பொறு. யாருக்காவது வம்பு வந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். உன் இன்டர்ஃபேஸ் கம்பெனியும் ஏதாவது எச்சரிக்கை போட்டிருக்கும். கையில் எடுத்த வேலையைக் கொடுத்து முடித்துவிட்டு, பாட்டுக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வை. விண்டோஸ் இருக்கும் டிரைவை முழுசாக இமேஜ் எடுத்துக்கொள். கரன்ட் விஷயத்தையும் மறக்காதே. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்தும் நாள் பேப்பரில் வரும். அந்த நாளில் தொடாதே. அப்டேட் பாதியில் இருக்கும்போது கரன்ட் போனால் கம்ப்யூட்டர் திரும்ப எழாமலே போகலாம். யுபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப்பில் அப்டேட் போடுவதே தப்பு. முடிந்ததும் இன்டர்ஃபேஸ் தெரிகிறதா, மைக் அனுமதி இருக்கிறதா, சாம்பிள் ரேட் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பத்து நிமிடம் சும்மா பதிவு செய்து கேள்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. உன்னிடம் இருப்பது அதுதான் என்றால் நான் மேலே சொன்ன கணக்கு பாதி மாறும். அந்தக் கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து பிரித்து ரெக்கார்டிங்குக்கு மட்டும் வைப்பதா, 11-க்கு மாறுவதா என்று சேர்ந்து யோசிக்க வேண்டும். ஸ்டார்ட்டில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் டைப் அடித்தால் பதிப்பு தெரியும். அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஹோமா, ப்ரோவா என்பதையும் பார்த்து எழுது. பாட்டியம்மாவை அதற்கு முன்னால் திரும்பக் கூப்பிடாதே.

அன்புடன்,
மாமா