அங்கன்வாடி வாசலில் இரண்டு நிமிஷம்

"எப்படி இருந்தான் டீச்சர்?"

"நல்லா இருந்தான் பாட்டி."

செருப்பை மாட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. பிள்ளையைக் கூட்டிப்போகும் நேரத்தில் எந்த அங்கன்வாடியிலும் நடப்பது இவ்வளவுதான். 2022 ஏப்ரலில் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய தடா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். அங்கே இந்த இரண்டு நிமிஷத்துக்குள் இரண்டு பாஷையும் மூன்று தலைமுறையும் அடங்க வேண்டும். அம்மா பக்கத்து ஸ்ரீசிட்டி ஆலையில் ஷிப்டில் இருந்தால் வாசலுக்கு வருவது பாட்டி. டீச்சர் சொன்னது பாட்டி வழியாக அம்மாவுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்த இடத்தை நிரப்ப ஊரில் சில நம்பிக்கைகள் தயாராக இருக்கின்றன.

நம்பிக்கை: வீட்டில் தமிழ், சென்டரில் தெலுங்கு. அந்தக் குழப்பத்தில்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை.

உண்மை: இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஏறக்குறைய ஒரு வயதில் முதல் சொல்லைச் சொல்லும், இரண்டு வயதையொட்டி இரண்டு சொற்களைச் சேர்க்கும். தெலுங்கில் மட்டும் எண்ணினால் சொற்கள் குறைவாகத் தெரியும், தமிழில் மட்டும் எண்ணினாலும் அப்படித்தான். "பாலு" என்று ஒன்றையும் "தண்ணி" என்று இன்னொன்றையும் கேட்கிற பிள்ளையின் கணக்கில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இதை அறியாமல் "இனிமே வீட்லயும் தெலுங்கே பேசுங்கம்மா" என்று சொல்லிவிட்டால், சரளமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்த அம்மா தெரியாத பாஷையில் தடுமாறிப் பேச்சையே குறைத்துக்கொள்வாள். நட்டம் பிள்ளைக்கு. இரண்டு வயது தாண்டியும் இரண்டு மொழியிலும் பேச்சு சேரவில்லை என்றால், பழியை மொழி மேல் போட்டுக் காத்திருக்காமல் முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உண்மையில் குழம்புவது பெரியவர்கள்தான். தெலுங்கில் "கடுபு" என்றால் வயிறு. "கடுபு நொப்பி" என்று ஆயா சொன்னால் வெறும் வயிற்றுவலி. தமிழ்க் காதில் அது வயிற்றுக்கடுப்பாக விழுகிறது. சீதபேதி என்று நினைத்துப் பாட்டி கைவைத்தியத்தில் இறங்கிவிடுவார். "ஒண்ணுக்கு" பிரச்சினையில்லை, தெலுங்கிலும் "ஒண்டிகி" என்பார்கள். அடுத்ததற்கு அங்கே "தொட்டிகி" என்று ஒரு சொல் இருக்கிறது. அதைக் கேட்ட தமிழ்ப் பிள்ளை எந்தத் தொட்டியைத் தேடும்? சேர்க்கிற வாரத்திலேயே அந்த இரண்டுக்கும், தண்ணீர், தூக்கம், வலி ஆகியவற்றுக்கும் வீட்டில் என்ன சொல் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டால் ஈரமான டவுசர்கள் பாதியாகக் குறையும்.

நம்பிக்கை: எடை அட்டையில் புள்ளி இறங்கினால் அம்மாவுக்குக் கவனிப்பு போதவில்லை.

ஒரு மாத எடை என்பது ஒற்றைப் புள்ளி. ஒரு வாரக் காய்ச்சலோ பேதியோ போதும், அது இறங்க. கோடு சில மாதங்களாக எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி தரும் உணவு மட்டும் போதாது. அது ஒரு நாள் கலோரித் தேவையில் பாதிகூட இல்லை, பெயரிலேயே துணை உணவு. "சென்டர்ல சாப்பிட்டுட்டானே" என்று வீடும், "வீட்ல போடறதில்லையா" என்று சென்டரும் நினைத்துக்கொண்டால் நடுவில் பிள்ளை இளைக்கும். நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டால் அந்த அம்மா அடுத்த மாதம் எடை போடும் நாளில் வரமாட்டாள். "போன மாசம் 11 கிலோ 200 இருந்தான், இப்ப 10 கிலோ 900. நடுவுல காய்ச்சல் வந்துச்சாம்மா?" என்று தனியாகக் கேட்டால் பதில் வரும்.

நம்பிக்கை: பெற்றோரிடம் பேசுவது டீச்சர் வேலை, ஆயா வாய் திறக்கக்கூடாது.

இந்தப் படிநிலை சம்பளத்திலிருந்து வருகிறது. 2023 டிசம்பர் 12-ஆம் தேதி ஆந்திராவில் அங்கன்வாடி வேலைநிறுத்தம் தொடங்கியபோது டீச்சருக்கு மாதம் 11,500 ரூபாய், ஆயாவுக்கு 7,000. வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் எஸ்மா சட்டம் பாய்ந்த பிறகும் கலையாமல், மொத்தம் 42 நாள் இருவரும் ஒரே பந்தலில்தான் உட்கார்ந்தார்கள். சென்டருக்குள் வந்ததும் மட்டும் ஏன் ஒருவர் வாய்க்குப் பூட்டு? ஊட்டுவதும் கழுவிவிடுவதும் தூங்கவைப்பதும் ஆயா. இன்று பருப்பைத் துப்பினான், தூக்கத்தில் இருமினான் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். டீச்சரின் "நல்லா இருந்தான்" பல சமயம் ஆயாவிடம் கேட்காமல் சொன்ன பதில். கதவு திறக்கும் முன் இருவரும் ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டால் போதும்.

காலையில் பிள்ளையை விடும்போது, "அழுதா நம்மளால தாங்க முடியாது, அது பார்க்காதப்ப நழுவிடணும்" என்பது வீடும் சென்டரும் சேர்ந்து செய்யும் தப்பு. ஒருமுறை ஏமாந்த பிள்ளை மறுநாள் புடவையை விடாது. சொல்லிவிட்டு, டாட்டா காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவதுதான் சுலபம். நடுவில் அம்மா வந்து பார்த்தால் ஏங்கிப்போகும் என்பதும் அதே ரகம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை வந்து பார்க்கலாம் என்று 2017-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தமே சொன்னது.

கடிக்கிற பிள்ளை வளர்ப்பு சரியில்லாத பிள்ளை என்பதையும் விட்டுவிடலாம். பேச்சு போதாத ஒன்று முதல் மூன்று வயதில் கடிப்பது சகஜம். கடிபட்ட பிள்ளையின் அம்மாவிடம் எப்போது, எங்கே, என்ன மருந்து போட்டோம் என்பதைச் சொல்லவேண்டும். கடித்தது யார் என்பதைச் சொல்லக்கூடாது. தடா போன்ற ஊரில் அந்தப் பெயர் தெருவைத் தாண்ட அரைமணி நேரம் ஆகாது.

கடைசி நம்பிக்கை: மீட்டிங்குக்கு வராத அம்மாவுக்கு அக்கறை இல்லை. அங்கன்வாடி என்ற பெயரே இதற்குப் பதில் சொல்லும். 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டிக்குப் போன குழந்தைக் கல்வியாளர் தாராபாய் மோடக், பள்ளிக்குப் பிள்ளைகள் வராதபோது குடிசைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அங்கன் என்றால் முற்றம். 1975-இல் அரசு தன் குழந்தைகள் மையத்துக்கு வைத்ததும் அந்தப் பெயர்தான்.

தடாவில் இன்றைய முற்றம் கம்பெனி பஸ். போனை உள்ளே விடாத ஆலை என்றால் பகலில் எத்தனை முறை அழைத்தாலும் அம்மா எடுக்கமாட்டாள். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காரும்போது கேட்க இருபது செகண்ட் வாய்ஸ் மெசேஜ் ஒன்று காத்திருக்கட்டும், ஆயாவின் குரலில்: "அம்மா, பையனுக்கு வயித்துக்கடுப்புன்னு பாட்டி சொல்லுவாங்க. வெறும் வயித்துவலிதான். மத்தியானம் தூங்கி எழுந்ததும் சரியாப்போச்சு. முட்டை தின்னான்."